சுவருக்கு ஓவியமா, தெருவுக்குக் கோடா?

எங்கள் தெரு நலச் சங்கத்தின் கணக்கில் ஒரு லட்சத்துச் சொச்சம் ரூபாய் சும்மா கிடக்கிறது. பொங்கல் விழாவில் மிஞ்சியது கொஞ்சம், ஒரு வீட்டுக்காரர் தன் அப்பா நினைவாகக் கொடுத்தது கொஞ்சம். "சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக்கு ஏதாவது கலையாப் பண்ணலாமே" என்று போன மாதக் கூட்டத்தில் ஒருவர் ஆரம்பிக்க, எல்லாரும் தலையாட்டினோம். என்ன கலை என்று கேட்டதும்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பள்ளிக்கூடச் சுவரில் ஓவியம் என்றார் ஒருவர். பழைய இரும்பில் பெரிய நாரை என்றார் இன்னொருவர். மரம் வைத்தால் போதாதா என்று மூன்றாம் வீட்டு மாமி கேட்டார். எதற்கு எவ்வளவு ஆகும், எத்தனை நாள் நிற்கும், மற்ற ஊர்களில் செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்து எழுதிவரும் வேலை என் தலையில் விழுந்தது. விசாரித்ததை இங்கே வைக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு தெருக்காரர்களுக்கும் உதவலாம்.

முதலில் இடம். சென்னை வேளச்சேரி. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் எங்களுக்குப் பக்கம்தான். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த அதே சதுப்பு நிலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடி. ஆகவே எங்களுக்குச் சுற்றுச்சூழல் என்றால் துருவக் கரடி கிடையாது. தண்ணீர் எங்கிருந்து வந்தது, அது போக வேண்டிய வழியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான். (நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம் என்பது கூட்டத்தில் யாரும் எடுக்காத பேச்சு.)

ஒவ்வொரு யோசனையிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன்: இதைத் தினமும் கடந்து போகிறவர் ஆறு மாதம் கழித்து என்ன தெரிந்து வைத்திருப்பார்? "இயற்கையைக் காப்போம்" என்பதைத் தெரிந்துகொள்ள அவருக்குச் சுவர் தேவையில்லை. ஆட்டோவின் முதுகிலேயே எழுதியிருக்கிறது.

பெரும்பாலானவர்கள் கேட்டது சுவர் ஓவியம் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்களுக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகரில், 2020 தொடக்கத்தில், ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சியில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்கள் முழு உயரத்துக்கு வரையப்பட்டன. டெல்லியின் லோதி காலனியில் அதற்குச் சில வருடம் முன்பு செய்ததுதான் அதே அமைப்பின் முதல் கலை வட்டாரம். கண்ணகி நகருக்கு ஓவியம் என்ன செய்தது என்று போய்ப் பார்த்தேன். நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்திக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட மக்களின் ஊர் அது. ஊர்ப் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள், படம் எடுக்கவாவது அங்கே போகிறார்கள். அது பெரிய விஷயம்தான். ஆனால் நன்றாகக் கவனித்தால், அந்தச் சுவர்கள் வேலை செய்வதற்குக் காரணம் அளவு. நாலு மாடி உயரத்துக்கு ஒரு குழந்தையின் முகம் நம்மைப் பார்த்தால், பார்க்காமல் போக முடியாது. எங்களிடம் இருப்பது எண்பது அடி நீளம், ஐந்தடி உயரம் உள்ள காம்பவுண்டுச் சுவர். அதில் வரைந்தால் பைக் நிறுத்தினாலே பாதி மறைந்துவிடும்.

விலை விசாரித்தேன். வந்து பார்த்த ஓவியர் சதுர அடிக்கு 150 ரூபாய் சொன்னார். பிரைமர், பெயிண்ட் எல்லாம் சேர்த்து. நானூறு சதுர அடிக்கு அறுபதாயிரம். கட்டுப்படியாகிற விலைதான். மனுஷர் நேர்மையானவர், அதனால் அடுத்ததையும் அவரே காட்டினார். சுவரின் அடிப்பாகத்தில் விரலால் சுரண்டினார். பழைய பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து கையோடு வந்தது. உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. "ஓதம் ஏறுது சார். தரையிலேர்ந்து ரெண்டரை அடி வரைக்கும் எது அடிச்சாலும் ரெண்டு மழைக்குத்தான். மேல பறவை இருக்கும், கீழ தண்ணி இருக்காது" என்றார். அவருடைய மாதிரிப் படத்தில் மேல்பாதி பூநாரைகள், கீழ்பாதி நீலச் சதுப்பு. இரண்டு மழைக்காலத்தில் சதுப்பு உதிர்ந்து பறவைகள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். பள்ளிக்கரணைக்கு இதைவிட உண்மையான ஓவியம் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. கமிட்டியில் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை.

சுவர் ஓவியத்துக்கு வேறு இரண்டு தொல்லைகள் உண்டு, இரண்டும் நம்மூருக்கே உரியவை. ஒன்று, சுவர் யாருடையது என்பது. பொது இடத்துச் சுவரில் அனுமதி இல்லாமல் எழுதினால் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. திறந்த வெளிகளை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம். நல்ல படமாக இருந்தாலும் மாநகராட்சியிடம் கடிதம் வாங்கிக்கொள்வது உத்தமம். இத்தனைக்கும் நடுவில், தேர்தல் வந்தால் வெள்ளையடித்து "இந்தச் சுவர் இன்னாருக்கு" என்று ரிசர்வ் செய்கிறவர்கள் யாரிடமும் கடிதம் வாங்குவதில்லை. இன்னொன்று உபயம். நன்கொடை கொடுத்தவர் பெயர் ட்யூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு இருப்பதைக் கோயிலில் பார்த்திருக்கிறோம். சுவரிலும் அதேதான். பெயிண்ட் செலவை ஏற்கிறேன் என்று சொன்ன ஒரு கடைக்காரர், மூன்றடிக்கு நாலடி தன் பெயர்ப் பலகை வேண்டும் என்றார்.

சுவர் ஓவியமே காற்றைச் சுத்தப்படுத்தும் என்று சொல்கிற ரகமும் இருக்கிறது. ரோம் நகரில் 2018-ல் ஈனா க்ரூஸ் என்ற ஓவியர் ஓஸ்தியென்ஸே பகுதிக் கட்டடம் ஒன்றில் ஆயிரம் சதுர மீட்டருக்கு மாபெரும் கொக்கு ஒன்றை வரைந்தார். ஏர்லைட் என்ற பெயிண்ட். வெளிச்சம் பட்டால் வாகனப் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை வேதிவினையால் மாற்றக்கூடியது என்று விற்கிறார்கள். ரசாயனம் உண்மைதான்; டைட்டானியம் டை ஆக்சைடு அந்த வேலையைச் செய்யும். ஆனால் எங்கள் தெரு முனையில் சிக்னலில் நிற்கும் வண்டிகளை நினைத்துப் பார்த்தால், ஐந்தடிச் சுவர் அதற்கு எம்மாத்திரம்? அதை விட்டுவிட்டேன்.

அடுத்தது கழிவுப்பொருள் சிற்பம். இதில் நான் அதிக நேரம் செலவிடவில்லை, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் இதற்குப் பிரமாதமான உதாரணங்கள் உண்டு. பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரக் கால்வாயில் 2018-ல் ஐந்து டன் பிளாஸ்டிக் கழிவைக் கொண்டு ஒரு திமிங்கிலம் துள்ளி எழுந்தது; அத்தனையும் கடலிலிருந்து அள்ளிய பிளாஸ்டிக். டெல்லியில் 2019-ல் திறந்த பூங்காவில் நூற்றைம்பது டன் பழைய இரும்பில் ஏழு உலக அதிசயங்களைச் செய்து வைத்திருக்கிறார்கள். சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் உடைந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டுகளைக் கொண்டு செய்த தோட்டம் 1976-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மூன்றிலும் மனத்தைத் தொடுவது கடைசியதுதான், அவர் யாருக்கும் விழிப்புணர்வு ஊட்டப் புறப்படவில்லை என்பதாலேயே. நம் தெருவுக்கு இரும்பு நாரை என்றால், புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் பொருள் வாங்கி, வெல்டிங் வைத்து, மேலே பெயிண்ட் அடித்து, கான்கிரீட் பீடம் கட்டி நிறுத்தலாம். அழகாகவும் இருக்கும். கடல் காற்றில் துருப்பிடிக்கும், நடைபாதையில் இடம் பிடிக்கும், எப்போதாவது ஒரு ராத்திரி கால் ஒன்று கழன்று மறுபடி காயலான் கடைக்கே போய்ச் சேரும். காலி பாட்டில் போடுவதற்கு மீன் வடிவத்தில் வைக்கும் குப்பைத் தொட்டி இன்னும் மோசம். அதை யார் காலி செய்வது என்று கேட்டேன். பதில் சொன்ன ஒரே ஆள், வாட்ச்மேனைக் கைகாட்டினார்.

அப்புறம் தற்காலிகக் கலை. ஒரு வாரம், பத்து நாள் இருந்துவிட்டுப் போய்விடுவது. இதில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது ஓலாஃபுர் எலியாசன் என்ற கலைஞர், கிரீன்லாந்து புவியியலாளர் மினிக் ரோசிங்குடன் சேர்ந்து வைத்த பனிக்கட்டிகள். கிரீன்லாந்தின் கடற்கழியில் ஏற்கெனவே உடைந்து மிதந்த பனிப்பாறைகளை இழுத்துவந்து நகரச் சதுக்கத்தில் வைத்துவிடுவது, அவ்வளவுதான் கலை. 2014-ல் கோபன்ஹேகன், 2015 டிசம்பரில் பருவநிலை மாநாட்டின்போது பாரிஸ், 2018 டிசம்பரில் லண்டன். பாரிஸில் பன்னிரண்டு கட்டிகள், கடிகார முகம் போல வட்டமாக. குழந்தைகள் கட்டிப்பிடித்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். உள்ளே அடைபட்டிருந்த பழங்காலக் காற்று பட் பட்டென்று வெடித்து வெளிவரும் சத்தம் கேட்குமாம். இதைக் கொண்டுவந்த போக்குவரத்துக்கே பாரிஸில் சுமார் முப்பது டன் கரியமில வாயு ஆனது என்று அவர்களே கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. நம்மூர் மார்கழியில்கூட அது அத்தனை நாள் தாங்காது என்பது வேறு கதை.

எங்களுக்கு ஒத்து வரக்கூடியவை இந்தியாவிலேயே இரண்டு. 2015-ல் பெங்களூருவில் பாதல் நஞ்சுண்டசாமி என்ற கலைஞர் சாலைப் பள்ளம் ஒன்றைச் சுற்றிப் பச்சை வண்ணம் அடித்துக் குளமாக்கி, அதில் ஃபைபர் முதலையை இறக்கிவிட்டார். பள்ளம் மூடப்பட்டது. 2018 நவம்பரில் டெல்லி சர் கங்காராம் மருத்துவமனை வாசலில் இரண்டு பெரிய வெள்ளை நுரையீரல்களை வைத்தார்கள். காற்றை இழுக்கும் மின்விசிறியும் வடிகட்டித் துணியும் கொண்டவை. ஒரு வாரத்துக்குள் கறுத்துப் போயின. ஒரு வாக்கியம் எழுதவில்லை, ஒரு கோஷம் இல்லை. இந்த ஊர்க் காற்று, இந்தத் தேதியில், இவ்வளவு. இந்த இரண்டையும் பார்த்தபோதுதான் நான் தேடிக்கொண்டிருந்தது என்ன என்று எனக்கே பிடிபட்டது. படம் வேண்டாம், அளவுகோல் வேண்டும்.

தற்காலிகக் கலைக்கு அனுமதி சுலபம் என்று நினைக்க வேண்டாம். 2018-ல் சென்னை ஆறுகளை வைத்து நடந்த பொதுக்கலை முயற்சி ஒன்று, கூவம் கரையில் நிற்க வேண்டியது, கடைசியில் லலித் கலா அகாடமி வளாகத்துக்குள் நடந்தது. ஆற்றைப் பற்றிய கலையை ஆற்றை விட்டுத் தள்ளி வைத்தால் யார் வருவார்கள்? ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள் வருவார்கள். எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணன் வரமாட்டார்.

மாமி கேட்ட மரத்துக்கு வருகிறேன். மரம் எப்படிக் கலையாகும் என்று கமிட்டியில் கேலி செய்தார்கள். ஆகியிருக்கிறது. ஜெர்மனியின் காஸல் நகரில் 1982-ல் யோசப் பாய்ஸ் என்ற கலைஞர், அருங்காட்சியகத்தின் முன் ஏழாயிரம் கருங்கல் தூண்களை மலை மாதிரிக் குவித்தார். ஒரு மரம் நட்டால் ஒரு கல்லை எடுத்துக்கொண்டுபோய் அதன் பக்கத்தில் ஊன்றலாம். வேறு வழியில் கல்லை அகற்ற முடியாது. ஊர் மக்கள் கோபப்பட்டார்கள், சதுக்கம் அசிங்கமாகிவிட்டது என்று. அந்தக் கோபம்தான் மரமாக மாறியது. குவியல் குறையக் குறைய, இன்னும் எத்தனை பாக்கி என்பது வழிப்போக்கருக்கும் தெரிந்தது. பாய்ஸ் 1986-ல் இறந்தார். கடைசி மரத்தை 1987-ல் அவருடைய மகன் நட்டார். மரம் வளர்கிறது, கல் அப்படியே இருக்கிறது. ஆரம்பத்தில் கல் பெரிதாகவும் கன்று சின்னதாகவும் தெரிந்தது, இப்போது தலைகீழ். இதுவும் ஓர் அளவுகோல்தான்.

இதைச் செய்யலாமா? எங்கள் தெருவில் பதினோரு மரக்குழிகள் இருந்தன. நடைபாதைக்கு டைல்ஸ் போட்டபோது ஏழு குழிகளை மூடிவிட்டார்கள். மீதி நாலில் ஒன்றில் மின்பெட்டி. மாமியிடம் இந்தக் கணக்கைச் சொன்னதும், "அப்ப அந்த ஏழு இடத்திலேயும் கல்லை மட்டும் நடுங்கோ, மரம் எங்கேன்னு கேக்கட்டும்" என்றார். இன்றுவரை வந்த யோசனைகளில் உருப்படியானவற்றில் அது ஒன்று. செலவு குறைவு, ஆனால் நடைபாதையில் கல் நட்டால் இரவில் யாராவது இடித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம்.

மீதி இருப்பது கோடு, வெள்ளம் எதுவரை ஏறும் என்று காட்டும் கோடு. நான் சிபாரிசு செய்வதும் அதைத்தான், எனவே கொஞ்சம் விரிவாக.

2007-ல் ஈவ் மோஷர் என்ற கலைஞர் நியூயார்க்கில், விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கடல் மட்டத்திலிருந்து பத்தடி உயரம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நீலக் கோடு. புரூக்ளினிலும் கீழ் மன்ஹாட்டனிலுமாக எழுபது மைல். கடை வாசல், பூங்கா, பள்ளிக்கூடம், எதையும் விடவில்லை. வழியில் ஆட்கள் நிறுத்திக் கேட்பார்கள், என்ன கோடு இது என்று. பெரும் புயல் வந்தால் தண்ணீர் இதுவரை வரலாம் என்பார். மழை பெய்தால் கோடு அழிந்துவிடும், அவருக்கும் அது தெரியும். ஐந்து வருடம் கழித்து, 2012 அக்டோபரில், சாண்டி புயல் வந்தது. வெள்ளம் ஏறிய எல்லை பல இடங்களில் அவர் நடந்த வழியை ஒட்டியே இருந்தது. பிறகு மயாமியிலும் பிரிஸ்டலிலும் உள்ளூர் மக்களே இதே மாதிரி கோடு போட்டார்கள்.

பாரிஸ்காரர்களுக்கு இந்த வேலையை ஒரு சிலை செய்கிறது. ஆல்மா பாலத்தின் தூணில் நிற்கும் ஸுவாவ் என்ற படைவீரர் சிலை. யாரும் அதை வெள்ளத்துக்காக வைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர் வெற்றி நினைவு அது. ஆனால் 1910 வெள்ளத்தில் தண்ணீர் அவருடைய தோள் வரை வந்ததிலிருந்து, சேன் நதி ஏறினால் பாரிஸ் முழுக்கக் கேட்கும் கேள்வி, ஸுவாவுக்கு எங்கே வந்துவிட்டது என்பதுதான். முழங்காலா, தொடையா? சென்டிமீட்டரில் சொன்னால் தலையில் ஏறாதது உடம்பில் சொன்னால் ஏறுகிறது. நமக்கு இது புதிதா என்ன? திருநெல்வேலியில் தாமிரபரணிக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைக் கேளுங்கள். மண்டபம் முழுகிவிட்டது என்றால் ஊரே புரிந்துகொள்ளும். வெள்ளம் வருமுன் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்காகவே ஏற்பாடு இருக்கிறது. ஆற்றோடு வாழத் தெரிந்தவர்கள் கட்டிய கோயில். வறட்சிக்கும் இப்படி ஒன்று உண்டு: செக் நாட்டில் எல்பே நதியின் அடியில் கிடக்கும் பாறையில், 1616 என்ற ஆண்டோடு, "என்னைப் பார்த்தால் அழு" என்று செதுக்கியிருக்கிறது. நீர் வற்றினால்தான் கண்ணில் படும். 2019-ல் நம் ஏரிகள் காய்ந்து கிடந்தபோது செம்பரம்பாக்கத்தில் அப்படி ஒரு கல் இருந்திருக்க வேண்டும்.

சரி, எங்கள் தெருவில் எப்படிப் போடுவது? 2015-ல் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு பதில். ஒருவர் இடுப்பு என்றார், ஒருவர் கழுத்து என்றார். வருடம் ஏற ஏற வெள்ளமும் ஏறிக்கொண்டே போகிறது போலிருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே, மின் மீட்டர் பலகைக்குப் பக்கத்தில், பெயிண்ட் அடிக்காமல் விட்டுப்போன ஒரு மூலை இருந்தது. அதில் பழுப்பாகக் கோடு. சேற்றுத் தண்ணீர் நின்று வடிந்த தடம். அந்த வீட்டம்மாவே டார்ச் அடித்துக் காட்டினார்.

அந்த ஒரு தடத்திலிருந்து தெரு முழுக்க அளவைக் கொண்டுபோவதற்கு இன்ஜினியர் தேவையில்லை. பக்கத்து மனையில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் சொன்னேன். "ட்யூப் லெவல் போதும் சார்" என்றார். ஒளி ஊடுருவும் நீளமான ரப்பர் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையை மீட்டர் பலகைப் பக்கத்துத் தடத்தில் பிடித்துக்கொண்டு மறுமுனையை அடுத்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனால், அங்கே குழாய்க்குள் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் அன்று வெள்ளம் நின்ற இடம். நடுவில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது, அதற்காகக் குழாயைத் தட்டித் தட்டி நடந்தார். வெள்ளம் நின்ற மட்டத்தைத் தண்ணீரே திரும்பக் காட்டியது. இதைவிட நல்ல நிகழ்த்துகலையை நான் எந்தக் கண்காட்சியிலும் பார்த்ததில்லை. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சாக்பீஸை வாங்கி அவரவர் கேட்டில் கோடு போட்டுக்கொண்டார்கள்.

ஒரே மட்டம்தான், ஆனால் வீட்டுக்கு வீடு உயரம் வேறு. மேட்டு முனையில் முழங்காலுக்குக் கீழே. பள்ளத்தில், இஸ்திரி வண்டி நிற்கும் இடத்தில், என் மார்பு. அண்ணன் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து கோட்டின் பக்கத்தில் நின்று பார்த்தார். "நான் சொன்னப்ப யாரும் நம்பலையே" என்றார். அவர் கழுத்து என்று சொல்லியிருந்தார். அவருடைய உயரத்துக்கு அது ஏறக்குறையக் கழுத்துதான்.

வேறொன்றும் தெரிந்தது. கழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் குறைகிற கொஞ்சம் எங்கே போனது என்று கொத்தனார்தான் சொன்னார்: ரோடு ஏறியிருக்கிறது. 2015-க்குப் பிறகு இரண்டு தடவை தார் போட்டார்கள், பழையதைச் சுரண்டாமல். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் அரசே உத்தரவு போட்டது தனிக்கதை. ரோடு ஏறியதால் கோடு தாழ்ந்து தெரிகிறது. வீடு அதே அளவு பள்ளத்துக்குப் போயிருக்கிறது. பாரிஸ் ஸுவாவுக்கும் இதே சங்கடம். 1970-களில் பாலத்தை இடித்துக் கட்டியபோது சிலையின் நிலை மாறிவிட்டது, அதனால் அன்றைய தோளும் இன்றைய தோளும் ஒன்றல்ல. ஆகவே எங்கள் கோட்டின் பக்கத்தில் ஆண்டு, தேதியோடு, அளவை எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் எழுத வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. வீட்டை விற்கப்போகும் ஒருவர் எழுந்து, "கோடு போட்டா எவன் சார் வாங்குவான்? வாடகைக்குக்கூட வரமாட்டான்" என்றார். நியாயமான பயம். நானும் சொந்த வீட்டுக்காரன்தான், என் வீட்டுக் கோடு மூன்றடி இரண்டு அங்குலம். ஆனால் வாங்க வருகிறவர் பக்கத்தில் நின்றும் யோசித்துப் பார்க்க வேண்டும். தரைத்தளத்தில் வாடகைக்கு வந்து, மிக்ஜாமில் ஃபிரிட்ஜையும் பிள்ளையின் சான்றிதழ்களையும் இழந்த குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அவர்களுக்கு யாராவது இந்தக் கோட்டைக் காட்டியிருந்தால் சான்றிதழ்களை மேல் பரணில் வைத்திருப்பார்கள். ஜெர்மனியின் பாஸாவ் ஊரில் நகர மன்றக் கோபுரத்திலேயே நூற்றாண்டுகளின் வெள்ள உயரங்களை ஆண்டு வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1501-க்குப் பிறகு மிகப் பெரியது 2013-ல் வந்தது, அதையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஊரில் வீடுகள் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒரு சமரசம் ஏற்பட்டது. தனியார் சுவர்களில் வேண்டாம் என்பவர் வீட்டை விட்டுவிடுவது. பள்ளிச் சுவர், பூங்கா வேலி, மின்கம்பத் தூண்கள், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றில் அனுமதி வாங்கிப் போடுவது. 2015-க்கு ஒரு நீலம், 2023-க்கு ஒரு நீலம். கோட்டுக்குக் கீழே படம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம்: தண்ணீருக்குள் முழுகிய சைக்கிள், ஸ்கூல் பை, கேஸ் சிலிண்டர், மிதக்கும் வாளி. அதையும் அந்த ஓவியரே வரைகிறார். ஓதம் ஏறி அடியில் உதிர்ந்தால் உதிரட்டும், இந்தப் படத்துக்கு அது பொருந்தும்.

இதோடு ஒரு சின்னச் சேர்க்கை. போர்ச்சுகல், பிரான்ஸ் ஊர்களில் மழைநீர் வடிகால் வாயருகே "கடல் இங்கே தொடங்குகிறது" என்று எழுதி வைக்கிறார்கள். அதை அப்படியே எடுத்துப் போட்டால் எங்கள் தெருவில் பொருந்தாது, கடல் எங்கே இங்கே என்பார்கள். வழியைச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தோம். எங்கள் வடிகாலில் போடும் டீக்கப் பள்ளிக்கரணைக்குப் போகும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் முட்டுக்காடு முகத்துவாரம். நான்கு பெயர், நடுவில் அம்புக்குறி. சன்பேக் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டில் எழுத்தை வெட்டி ஸ்பிரே அடித்தால் ஒரு மூடிக்கு ஐந்து நிமிடம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒக்கியம் மடுவு என்று ஓர் இடம் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும் என்றாள். நானும் இங்கே வந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் அது அடைபட்டதாகச் செய்தி வந்தபோது.

செலவுக் கணக்கு: கோடுகளும் பிள்ளைகள் கேட்ட படங்களும் சேர்த்து முப்பத்தெட்டாயிரம், வடிகால் எழுத்துக்கு மூவாயிரம், கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி. மீதிப் பணத்தை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கோட்டைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் மூன்றாவது கோடு ஒன்று தேவைப்பட்டால் அதற்கும் வேண்டும். எதிர்ப்புச் சொன்னவர் அதற்குத்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது கோட்டுக்கான பணத்தை யாரும் தொடக் கூடாது என்று தீர்மானத்தில் எழுதச் சொன்னார்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசிக்குள் பெயிண்ட் காய வேண்டும். மாநகராட்சிக்குக் கடிதம் போயிருக்கிறது. இதற்கிடையில் பிள்ளைகள் போட்ட சாக்பீஸ் கோடுகள் பாதி அழிந்துவிட்டன, இஸ்திரி வண்டிக்குப் பின்னால் உள்ளது மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அண்ணன் தினமும் காலையில் கரி போடுவதற்கு முன் அதன் மேல் இன்னொரு தடவை இழுத்துவிடுகிறார்.